மாமியோடு முதல் ஆராத்தி

லண்டன் ஈஸ்ட் ஹாமில் தில்லையம்பலத்தை முகத்தால் அறிந்தவர்களைவிடக் குரலால் அறிந்தவர்கள் அதிகம். டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஸ்டேஷன் ஒன்றில், கதவை விட்டு விலகி நிற்கும்படி ஆங்கிலத்தில் சொல்கிற குரல் அவருடையது. சனி ஞாயிறுகளில் தமிழர் கூடும் மண்டபங்களில் "அடுத்த நிகழ்ச்சியாக" என்று தொடங்குவதும் அதே குரல்தான். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் மனேஜராக இருந்தவர். எண்பத்து நாலில் மனைவி தவநாயகியையும் இரண்டு மகள்மாரையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார். வேலை கிடைப்பதற்கு முன்பே ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டார்.

ஒன்றியம் என்பது லண்டன் தமிழ்க் குடும்பங்கள் நடத்திய சங்கம். பொங்கல் விழா, பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு, புதிதாக வந்தவர்களுக்குக் கவுன்சில் வீடும் பெனிபிட் உதவிப்பணமும் எடுத்துக்கொடுப்பது. அதன் வேலை இவ்வளவுதான். ஆனால் அதன் தேர்தலைப் பார்த்தால் ஒரு நாட்டையே பிடிக்கப்போகிறார்கள் என்று தோன்றும். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம், செவன் கிங்ஸ் பக்கத்து ஆட்கள் ஒரு கட்சி. மேற்கே ஹவுன்ஸ்லோப் பக்கத்தில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் மற்றக் கட்சி. பொதுத் தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு கட்சியும் தனியாகக் கூடிக் கையை உயர்த்தித் தன் தலைவர் வேட்பாளரைத் தெரிவு செய்யும். வென்றவர் அந்த இடத்திலேயே எழுந்து, உபதலைவராகத் தன்னோடு நிற்கப்போகிறவரின் பெயரைச் சொல்வார். அதை யாரும் மறுப்பதில்லை. அந்த ஆளுக்குச் 'சோடி' என்று பெயர்.

எட்டு வருடமாகத் தில்லையம்பலம் தலைவர்களையும் சோடிகளையும் மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'மதிப்புக்குரிய' என்று போட்டார். தன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று குளியலறையில் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். நன்றாகத்தான் இருந்தது.

தொண்ணூற்றிரண்டு கோடையில் கிழக்குக் கட்சியில் தலைவர் பதவிக்கு இருவர் முந்திக்கொண்டு நின்றார்கள். ஒருவர் செவன் கிங்ஸில் இருந்த கணக்காளர் பத்மநாதன். மற்றவர் சுந்தரராஜன், மலேசியாவிலிருந்து படிக்க வந்து வங்கி உத்தியோகத்தோடு இங்கேயே தங்கிவிட்டவர். தில்லையம்பலம் பத்மநாதனின் ஆள். முன்னைய தேர்தலில் ஹவுன்ஸ்லோவிடம் தோற்ற அன்று, வெறும் மண்டபத்தில் நின்றுகொண்டு பத்மநாதன் அவருடைய தோளில் கை வைத்துச் சொல்லியிருந்தார்: "அண்ணை, அடுத்த முறை நானும் நீங்களும்தான்." சொன்னவருக்கு அது நினைவிருந்ததோ தெரியாது. கேட்டவர் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

இடையில் முருகேசன் வந்தான்.

முருகேசன் லண்டனுக்கு வந்ததே எண்பத்தேழில். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் மளிகைக்கடை போட்டான். முப்பத்தெட்டு வயது, அடர்ந்த மீசை, யாரைக் கண்டாலும் பல் தெரியச் சிரிக்கிற முகம். பொங்கல் விழாவுக்குக் கேளாமலே அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவான். புதுக் குடும்பங்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பான். கதிரை அடுக்குவான், வான் ஓட்டுவான், பிறகு பின்வரிசையில் போய் இருப்பான். அவன் பின்வரிசையில் இருப்பதுதான் தில்லையம்பலத்துக்கு எல்லாவற்றையும்விடப் பொறுக்கவில்லை. முன்னுக்கு வந்து இருந்தானென்றால், "பாரும், எடுப்பை" என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அவர் முருகேசனின் கடையில் சாமான் வாங்குவதில்லை. தெருவைக் கடந்து மற்றக் கடைக்குப் போவார். தவநாயகியோ, "முருகேசன்ரை கடைக் கத்தரிக்காய் மாதிரி வேறை எங்கை" என்று அங்கேதான் போவாள். அந்தக் கத்தரிக்காயை அவர் மூன்று கவளம் சாப்பிட்டுவிட்டுக் குற்றம் தேடுவார். கிடைக்காது.

ஒருநாள் மற்றக் கடை பூட்டியிருந்தது. கறிவேப்பிலைக்காக வேறு வழியில்லாமல் முருகேசனின் கடைக்குள் போனார். கட்சியின் மூத்த உறுப்பினரும் ஊர்க்கதை முழுவதையும் தலையில் வைத்திருப்பவருமான மணியம், ஒரு அரிசி மூட்டைமேல் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தில்லை, வாரும். உமக்குத் தெரியாமலோ இருக்கும். பத்மநாதன் ஆரைச் சோடியாப் போடப்போறார்?"

"அவர் வெல்லட்டுமன் முதல்லை."

"வெல்லுவார். சோடி ஆரெண்டதுதான் கதை. அமெரிக்காவிலையும் இப்ப உதுதான். செய்தியிலை பாத்தனான். ஜனாதிபதிக்கு நிக்கிறவர் தனக்குச் சோடியா ஆரைச் சேர்க்கப்போறாரெண்டு ரீவீக்காரர் வீட்டு வாசல் வாசலாக் காவல் நிக்கினம்."

"அங்கை ரீவீக்காரர். இஞ்சை மணியண்ணை," என்றான் முருகேசன் கல்லாவிலிருந்து.

மணியம் சிரித்தார். தேநீரை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பத்மநாதன் வாய் திறக்கமாட்டார். ஆனா வாற சனிக்கிழமை மகளின்ரை சாமத்தியச் சடங்கு. பெட்டைக்கு மாமியோடை முதல் ஆராத்திக்கு ஆர் ஏறுறா எண்டு பாருங்கோ. அவவின்ரை மனுசன்தான் சோடி."

"அது பெண்டுகளின்ரை அலுவல், அண்ணை," என்றார் தில்லையம்பலம்.

"அதாலைதான் சொல்லுறன். ஆம்பிளையள் எல்லாருக்கும் ஓமெண்டு சொல்லலாம். முதல் ஆராத்தியை எல்லாருக்கும் குடுக்கேலாது."

மணியம் சொன்னதில் விஷயம் இருந்தது. சடங்கில் பெரியபிள்ளையான பெண்ணை மணவறையில் நிறுத்தி, சுமங்கலிப் பெண்கள் இருவர் இருவராக ஏறி ஆராத்தி எடுப்பார்கள். வாழைப்பழத் துண்டில் திரி குத்திய தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு, பலகாரத் தட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடிப் பெண்கள். முதல் தட்டில் ஒரு பக்கம் தகப்பனின் சகோதரியான மாமி பிடிப்பாள். மறுபக்கம் பிடிக்க யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பது சபைக்குத் தெரிந்துவிடும். பிறகு எத்தனை சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

தில்லையம்பலம் கறிவேப்பிலைக்குக் காசு நீட்டினார். "கறிவேப்பிலைக்கென்ன அண்ணை, கொண்டுபோங்கோ," என்றான் முருகேசன். வெளியே வந்தவருக்கு அந்தக் கறிவேப்பிலையைக் குப்பையில் போட்டால் என்ன என்று இருந்தது. தவநாயகிக்குப் பயந்து போடவில்லை.

அந்தக் கிழமையே சுந்தரராஜன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தில்லை சார், நீங்க எங்க பக்கம் வந்தா என்ன? எத்தனை வருஷமா ஓரத்துல நின்னு மைக் பிடிக்கிறீங்க. நடுவுல உக்கார வேண்டிய ஆளு சார் நீங்க."

"நான் பத்மநாதனுக்குச் சொல்லுக் குடுத்தனான்."

"ஆமா, தெரியும். அவர் உங்களுக்குக் கொடுத்தாரா?"

தில்லையம்பலம் தொலைபேசியை வைத்துவிட்டார். ஆனால் அந்தக் கேள்வி காதை விட்டுப் போகவில்லை.

சடங்கு செவன் கிங்ஸில் ஒரு பாடசாலை மண்டபத்தில். காலையில் தவநாயகி கட்டிக்கொண்டு வந்த சேலையைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் அலுமாரியில் இருக்க, சாதாரண ஊதாச் சேலையொன்றைச் சுற்றியிருந்தாள்.

"ஏன் உது?"

"காணும் உது."

மண்டபத்தில் அவள் மேடைப் பக்கமே போகவில்லை. சமையலறை வாசலோடு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். தில்லையம்பலம் வழக்கம்போல மைக்கோடு மேடையோரம் நின்றார். யார் யார் ஆராத்திக்கு ஏறுவது என்பதைப் பெண்ணின் மாமி செல்வமலர் அவருடைய காதில் சொல்ல, அவர் அதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். இதில் அவருக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. தன் மனைவியின் பெயரைத் தானே, தன் குரலில், எல்லோர் முன்னாலும் முதலாவதாகச் சொல்லப்போகிறோம். மணியம் மூன்றாம் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். வீடியோக்காரன் வெளிச்சத்தைப் போட்டான். மேளம் ஓய்ந்தது.

செல்வமலர் பக்கத்தில் வந்தாள். "முதல்லை நான். என்னோடை றோஸ்மலர்."

றோஸ்மலர் முருகேசனின் மனைவி.

"ஆர்?" என்றார் தில்லையம்பலம்.

"றோஸ்மலர், அண்ணை. முருகேசன் வீட்டுக்காரி. கெதியாச் சொல்லுங்கோ, நேரம் போகுது."

பிளாட்பாரத்தில் எத்தனையோ ரயில் தாமதங்களை நிதானமாக அறிவித்த குரல் அன்று இடறியது. "மாமி திருமதி செல்வமலர் அவர்களையும்" என்று தொடங்கி, நிறுத்தி, தொண்டையைச் செருமி, "திருமதி றோஸ்மலர் முருகேசன் அவர்களையும் முதல் ஆராத்திக்கு அழைக்கிறோம்" என்று முடித்தார். அந்தக் குடும்ப வீடியோவில் அந்தச் செருமல் இன்றும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் சளி, தடிமன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

றோஸ்மலர் அரக்குச் சேலையில் படியேறினாள். மணியம் திரும்பிப் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். அந்த ஆள் திரும்பிப் பின்வரிசையில் இருந்த முருகேசனைப் பார்த்தார். முருகேசன் யாரோ ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். தில்லையம்பலம் எல்லாவற்றையும் பார்த்தார். இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். ஏழாவதிலும் தவநாயகியின் பெயர் வரவில்லை. ஒரு தட்டில்கூட இல்லை. தூரத்தில், சமையலறை வாசலில், அவள் பக்கத்துப் பெண்ணோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் மனுசனின் கழுத்தை அறுத்த இடத்தில் இருந்து இவளால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் பத்மநாதன் அவரைத் தேடி வந்தார். "அண்ணை, நல்லா நடத்தித் தந்தியள். வடிவாச் சாப்பிடுங்கோ."

"ஓம், ஓம்," என்றார் தில்லையம்பலம், வாழையிலையைப் பார்த்தபடி. பாயசம் வருமுன்னே எழும்பிக் கை கழுவப் போனார்.

கை கழுவும் இடத்தில் சுந்தரராஜன் நின்றது தற்செயல்தான். ஆனால் தில்லையம்பலம் அவரைக் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூட்டிப்போனது தற்செயல் அல்ல.

"நீங்கள் அண்டைக்குக் கேட்டது இன்னும் நிக்குதோ?"

சுந்தரராஜன் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "வாங்க சார். வந்து கையைத் தூக்குங்க. நான் ஜெயிச்சா உங்களை விட்டுட மாட்டேன்."

அது வாக்குறுதிபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. வேறு நாளென்றால் தில்லையம்பலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார். அன்று அவருடைய கண்ணில் அரக்குச் சேலை படியேறிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு வந்த கிழமை முழுவதும் அவர் வீட்டில் பேசவில்லை. கேட்டால் "வாய்வு" என்றார். வேலையில் நிற்கும்போது முருகேசனைப் பற்றியே நினைப்பு ஓடியது. அவன் வான் ஓட்டியது இதற்குத்தான். அரிசி இறக்கியது இதற்குத்தான். பின்வரிசையில் இருந்ததும் இதற்குத்தான். ஐந்து வருடமாக அவன் பதுங்கிப் பதுங்கி வந்த பாதை இப்போது அவருக்குத் துலாம்பரமாகத் தெரிந்தது. அவனுக்கு வாய்த்த மீசைகூட ஒரு திட்டம்போலப் பட்டது. மதிய நேரத்து ரயில்களுக்கு இடையில் இப்படி நினைத்துக்கொண்டு நின்று, ஒருநாள் கிழக்கே போகிற அப்மினிஸ்டர் ரயிலை மேற்கே போகிற ரிச்மண்ட் ரயில் என்று அறிவித்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து, அந்த ஊர்ச் செல்லப் பேச்சில், "லவ், உனக்குச் சுகமில்லையா" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை தொலைபேசி அடித்தது. தவநாயகி எடுத்து, வாயைப் பொத்தி, "பத்மநாதன் தம்பி," என்றாள்.

"ஷிப்டுக்குப் போட்டாரெண்டு சொல்லும்."

"இஞ்சை இருந்துகொண்டோ?"

"சொல்லும்."

அவள் சொன்னாள். வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் உங்களோடை ஒரு விஷயம் கதைக்கோணுமாம். வெள்ளி பின்னேரமும் எடுக்கிறாராம்."

வெள்ளி பின்னேரம் தில்லையம்பலம் யாரோ ஒருவனின் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பத்மநாதன் என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும். 'அண்ணை, குறை நினையாதையுங்கோ, முருகேசன் இளம் ஆள், கடை இருக்குது, நாலு சனம் தெரியும்.' அதைத் தன் காதால் கேட்டு, "பரவாயில்லை" என்று சொல்வதற்கு அவர் ஆயத்தமாக இல்லை.

ஞாயிறு பின்னேரம் மனர் பார்க்கில் ஒரு சமூக நிலைய அறையில் கட்சி கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். வழக்கமாக அப்படித்தான் இருப்பார்கள், யாரும் சொல்வதில்லை. மணியம் சபைக்குத் தலைமை. சுந்தரராஜன் பத்து நிமிடம் நல்ல தமிழில் பேசினார். பத்மநாதன் சுருக்கமாகப் பேசினார். பிறகு மணியம் சொன்னார், "பத்மநாதன் வேணுமெண்டிறவை கையைத் தூக்குங்கோ."

கைகள் எழுந்தன. முருகேசனின் கை எழுந்தது. பெண்கள் பக்கத்தில் தவநாயகியின் கை எழுந்தது. தில்லையம்பலம் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். தவநாயகியின் கை அந்தரத்தில் நின்றபடியே அவரை நோக்கித் திரும்பியது, கொடிபோல.

"சரி, இறக்குங்கோ. சுந்தரராஜன்?"

தில்லையம்பலம் கையைத் தூக்கினார். பாதியில் விடுவோமா என்று ஒரு கணம் வந்தது. ஆனால் பின்னால் யாரோ "அட, தில்லையண்ணை" என்று முணுமுணுத்தது காதில் விழவே, இன்னும் உயர்த்தினார்.

பத்மநாதன் சொற்ப வித்தியாசத்தில் வென்றார். கைதட்டல் அடங்கியதும் எழுந்தார். அவர் முகத்தில் வென்ற சந்தோஷம் இல்லை. தில்லையம்பலத்தை நேரே பார்த்தார். கோபத்தோடு அல்ல, கணக்கு ஒன்று ஒத்துவராதபோது பார்ப்பதுபோல.

"நான் ஒரு பேரை மனசிலை வைச்சுக்கொண்டு வந்தனான்," என்றார். "அதை இனிச் சொல்லேலாது. முருகேசன், நீர் நில்லும்."

முருகேசன் எழும்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவனைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

வீடு நடக்கும் தூரம்தான். தவநாயகி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ரொம்போர்ட் ரோட்டைக் கடக்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ?"

"எனக்கில்லை. எங்களை மதியாதவைக்கு நான் ஏன் கை தூக்கோணும்?"

"ஆர் மதியேல்லை?"

"முதல் ஆராத்திக்கு உம்மைக் கூப்பிட்டவையோ? கடைசி ஆராத்திக்குக் கூப்பிட்டவையோ? ஊரெல்லாம் பாத்துக்கொண்டிருக்க முருகேசன்ரை மனுசியை ஏத்தினவை. அந்தப் பேரை என்ரை வாயாலையே சொல்லவைச்சவை."

தவநாயகி நடைபாதையில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த ஒரு தள்ளுவண்டிக்காரி அவர்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

"என்னைத்தான் கூப்பிட்டவை," என்றாள்.

"என்ன?"

"சடங்குக்கு ரெண்டு நாளைக்கு முதலே வசந்தமலர் கோல் எடுத்தவ." வசந்தமலர் பத்மநாதனின் மனைவி. "அக்கா, மாமியோடை நீங்கள்தான் ஏறோணும், இவர் சொன்னவர் எண்டு. ஓமெண்டனான். சனி விடிய எனக்கு ஏலாமல் போச்சு. அவவுக்குச் சொன்னன், என்னை ஒண்டுக்கும் கூப்பிடாதையுங்கோ, வேறை ஆரையும் போடுங்கோ எண்டு. பக்கத்திலை நிண்ட றோஸ்மலரைப் போட்டவ."

"என்ன ஏலாமல்?"

"என்ன ஏலாமலோ? மூண்டு பெண்டுகளோடை ஒரு வீட்டிலை இருக்கிறியள். கேக்கிறியள்."

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. ஊதாச் சேலை விளங்கியது. சமையலறை வாசல் விளங்கியது. விலக்கு நாளில் ஒரு பெண் மணவறைக்குக் கிட்டப் போகமாட்டாள். போகாததற்குக் காரணமும் சொல்லமாட்டாள். இது அவர் பிறந்த வீட்டிலும் நடந்ததுதான், புகுந்த ஊரிலும் நடப்பதுதான். வேறு எந்த வீட்டு மனுசியும் அப்படி ஒதுங்கி இருந்திருந்தால் அவரே ஊகித்திருப்பார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"எப்ப? மைக்கோடை நிக்கிற மனுசனின்ரை காதுக்குள்ளை வந்தோ? முதலே சொல்லியிருப்பன். வசந்தமலர்தான் வேண்டாமெண்டவ. சோடிக்கும் உங்களைத்தான் நினைச்சிருக்கினம், பத்மநாதன் தம்பி தானே உங்களுக்குச் சொல்லட்டும் எண்டவ. உங்களுக்குச் சொன்னால் ஸ்டேஷனிலை அறிவிச்ச மாதிரி எண்டு எனக்கும் தெரியும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு உங்களுக்கு வாய்வெல்லோ."

மணியம் சொன்னது சரி. ஆராத்தி பொய் சொல்லவில்லை. தில்லையம்பலம் மிச்ச வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தார். வியாழனும் வெள்ளியும் பத்மநாதன் சொல்ல வந்தது என்ன என்பதும் இப்போது தெரிந்தது. ஒருவரையும் குற்றம் சொல்ல வழியில்லாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. தேடித் தேடி, கடைசியில் மறுபடியும் முருகேசனிடமே போய் நின்றார். ஒரு துரும்பைக்கூட அசைக்காமல் அவனுக்கு எல்லாம் வந்துவிட்டதே.

மறுநாள் மத்தியானம் முருகேசன் வீட்டுக்கு வந்தான். கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, சோபாவின் நுனியில் இருந்தான். தவநாயகி தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணை, எனக்கு உது சரியாப் படேல்லை. ராத்திரி றோஸ்மலர் சொன்னவ, தவநாயகி அக்காவுக்குப் பதிலாத்தான் தன்னை ஏத்தினதெண்டு. நீங்கள் ஏன் மற்றப்பக்கம் போனியளெண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சுது. விடியப் பத்மநாதன் அண்ணையிட்டைப் போய்க் கதைச்சிட்டன். நான் விலகுறன். நீங்கள் நில்லுங்கோ. நீங்கள் ஓமெண்டால் தனக்கும் ஓமெண்டு சொல்லுறார்."

"கட்சி விடாது."

"கட்சிக்கு நான் சொல்லுறன். எனக்குக் கடையோடையே நேரமில்லை. மேடையிலை கதைக்கவும் வராது. உங்களுக்கு வாற விஷயம்."

தில்லையம்பலத்தின் நாக்கு நுனியில் 'ஓம்' வந்து நின்றது. எட்டு வருடம் காத்திருந்த பதவி சோபாவின் நுனியில் வந்து இருந்தது. ஒரு சொல் போதும். அவர் முருகேசனின் முகத்தைப் பார்த்தார். தந்திரம் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இரக்கம் இருக்கிறதா என்று தேடினார். அது இருந்தாலும் போதும், அதைச் சாட்டி அவனைத் திட்டிக்கொண்டே பதவியை வாங்கியிருப்பார். அதுவும் இல்லை. கடையில் ஒரு சாமான் மாறிப் போய்விட்டால் உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பானே, அப்படி வந்திருந்தான். இந்த இடத்தில் தான் இருந்திருந்தால் வந்திருப்பேனா என்று அவர் நினைத்தார். வந்திருக்கமாட்டார். ஒரு நாளும் வந்திருக்கமாட்டார். பதவி போனதைவிட அது அவரைக் கூடச் சுட்டது.

"ஷிப்ட் மாறிப்போச்சு," என்றார். "சனி ஞாயிறு இனி எனக்கு ஏலாது."

"கதைச்சு மாத்தேலாதோ அண்ணை?"

"ஏலாது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் பின்னேரமும் வாறன்."

"என்னத்துக்கு? யோசிச்சாச்சு. நீர் நில்லும். நீர்தான் பொருத்தம்."

முருகேசன் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டான். முகம் மலர்ந்து, "நீங்கள் சொன்னது காணும் அண்ணை," என்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தான். அவனுடைய கை சூடாக இருந்தது. தேநீரை மிச்சம் விடாமல் குடித்து, கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் தவநாயகி வந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

"ஷிப்ட் எப்ப மாறினது?"

அவர் முருகேசன் இருந்த சோபா நுனியைத் தட்டிச் சரிசெய்தார்.

"வேணுமெண்டு எத்தினை வருஷம் துடிச்சியள். கையிலை கொண்டுவந்து தாறான்."

"அவன் தந்து நான் எடுக்கிறதோ?"

"பின்னை ஆர் தரோணும்?"

தில்லையம்பலம் சன்னலுக்குப் போனார். முருகேசன் வீதியின் மறுபக்கத்தில் வானைத் திறந்துகொண்டிருந்தான். அந்த வழியால் வந்த மணியம் அவனைக் கண்டு நின்று ஏதோ கேட்டார். முருகேசன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, நீளமாக ஏதோ சொன்னான். நல்லதாகத்தான் சொல்லியிருப்பான். மணியம் வீட்டை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டினார், மெச்சுகிறவர்போல.

"பாரும்," என்றார் தில்லையம்பலம், "அதையும் தானே போய்ச் சொல்லுறான்."

தவநாயகி திரைச்சீலையை இழுத்து மூடினாள்.